ஸ்லைமுக்குள் ஸ்கீம்: அடைப்புக்குறி ஒத்துப்போனால் போதுமா?

ஈமேக்ஸ் எடிட்டரில் காமன் லிஸ்ப் மொழி எழுதுகிறவர்களில் பலர், நிரலை எழுதவும் இயக்கவும் பிழை தேடவும் உதவும் ஸ்லைம் சூழலுக்குப் பழகியவர்கள். அதே எடிட்டரில் ஸ்கீம் மொழி எழுத வருகிறவர், "இதுவும் லிஸ்ப் குடும்பம்தானே, அதே ஸ்லைமை இதற்கும் மாட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பது இயல்பு. குழப்பம் பதில்களில்தான் தொடங்குகிறது. ஒருவர் முடியும் என்கிறார். ஸ்லைமோடு சேர்ந்தே வரும் ஸ்கீம் ஃபைல்களைத் திறந்து காட்டுகிறார். இன்னொருவர், அதெல்லாம் வேண்டாம், ஸ்கீமுக்கென்றே எழுதிய கெய்ஸர் போட்டுக்கொள் என்கிறார். இரண்டுமே உண்மைதான். எப்படி என்று புரிய, ஸ்லைம் உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பாதிகள், நடுவில் ஒரு சாக்கெட்

எரிக் மார்ஸ்டன் எழுதிய ஸ்லிம் என்ற சிறு நிரலிலிருந்து 2003-இல் கிளைத்தது ஸ்லைம். லூக் கோரியும் ஹெல்முட் எல்லரும் அதை வளர்த்தார்கள். அதற்கு முன்பிருந்த எளிய முறையில், எடிட்டர் லிஸ்ப்பை ஒரு துணை புரோசஸாக ஓட்டி, அதன் திரையில் வரும் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும். லிஸ்ப் அச்சிட்டது நிரலின் வெளியீடா, கேட்டதற்கான பதிலா, பிழைச் செய்தியா என்பதை எடிட்டர் ஊகிக்கத்தான் வேண்டும்.

ஸ்லைம் இந்த ஊகத்தை ஒழித்தது. அதற்கு இரண்டு பாதிகள். ஒரு பாதி ஈமேக்ஸ் லிஸ்ப்பில் எழுதப்பட்டு எடிட்டருக்குள் இருக்கிறது. ஸ்வாங்க் என்ற மறு பாதி காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்ட சர்வர். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் ஓடும் அதே லிஸ்ப் புரோசஸுக்குள் இதுவும் ஓடுகிறது. இரண்டும் டிசிபி சாக்கெட் என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாகப் பேசிக்கொள்கின்றன. சர்வரை நாமே தனியாகத் தொடங்கினால் வழக்கமான போர்ட் எண் 4005.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் துல்லியமாகக் கேட்கலாம். எடிட்டர் பாதிக்கு எதிரே இருப்பது எந்த மொழி என்பது பெரிய விஷயமில்லை. கேட்டதற்குச் சரியான வடிவத்தில் பதில் வந்தால் போதும். ஆகவே ஸ்கீமுக்கு ஸ்லைமைப் பொருத்துவது என்றால், ஸ்கீமில் ஒரு ஸ்வாங்க் சர்வர் எழுதுவது என்றுதான் பொருள். கீபோர்ட் குறுக்குவழிகள், வண்ணம் பூசுதல் எல்லாம் அரை நாள் வேலை. சர்வர்தான் ஆளைச் சாப்பிடும்.

கம்பியில் ஓடுவது என்ன

ஒவ்வொரு செய்தியும் ஒரு லிஸ்ப் பட்டியல். அதன் முன்னால் 6 இலக்கத்தில் செய்தியின் நீளம் பதினாறடிமான எண்ணாக வரும். 80 பைட் நீளமுள்ள செய்திக்கு 000050 என்று. பட்டியலுக்குள் நான்கு சமாச்சாரங்கள்: கூப்பிட வேண்டிய ஃபங்ஷனும் அதன் உள்ளீடுகளும், எந்தப் பேக்கேஜில் (பெயர்களின் தொகுப்பில்) நின்று இயக்குவது, எந்தத் திரெட்டில் (ஒரே புரோசஸுக்குள் இணையாக ஓடும் இழையில்), கடைசியாக ஒரு வரிசை எண். பதில் வரும்போது அதே வரிசை எண்ணைத் தாங்கி வரும். அதை வைத்துத்தான் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று எடிட்டர் சேர்த்துக்கொள்கிறது.

பட்டியலைப் படிக்க ஸ்கீமுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொல்லை வருவது அடுத்த படியில்.

1. பெயருக்குள் இருக்கும் முக்காற்புள்ளி. காமன் லிஸ்ப்பில் அது பேக்கேஜையும் அதற்குள் உள்ள பெயரையும் பிரிக்கும் குறி. ஸ்கீமில் அதற்கு எந்தத் தனிப்பொருளும் இல்லை, அதுவும் பெயரின் ஓர் எழுத்து. இது தடையாக இருக்கும் என்று தோன்றும், உண்மையில் உதவி. 'ஸ்வாங்க்' என்ற முன்னொட்டும் முக்காற்புள்ளியும் சேர்ந்த முழுப் பெயரிலேயே ஸ்கீமில் ஒரு ஃபங்ஷனை வரையறுத்துவிடலாம். ஸ்கீமின் பல செயலாக்கங்களில் ஒன்றான எம்ஐடி ஸ்கீமுக்கான சர்வர் அப்படித்தான் செய்கிறது. குறுக்குவழிதான், ஆனால் அழகான குறுக்குவழி.

2. 'நில்' என்ற சொல். காமன் லிஸ்ப்பிலும் ஈமேக்ஸ் லிஸ்ப்பிலும் இது ஒரே நேரத்தில் பொய், வெற்றுப் பட்டியல், ஒரு சிம்பல் ஆகிய மூன்றுமாக இருக்கும். ஸ்கீமில் இவை மூன்றும் வேறு வேறு. அங்கே வெற்றுப் பட்டியல்கூட உண்மையாகவே கணக்கில் வரும். பொய் என்பது ஒரே ஒரு தனி மதிப்புதான். ஈமேக்ஸ் ஒரு வெற்றுப் பட்டியலை அனுப்பினால் அது கம்பியில் 'நில்' என்ற சொல்லாகப் போகும். ஸ்கீம் அதை ஏதோ ஒரு சிம்பல் என்று படித்து உண்மையென எடுத்துக்கொள்ளும். அதைப் பட்டியல் என்று நம்பி வரிசையாக எடுக்கப் போனால் பிழை. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: ஸ்கீமின் பொய் மதிப்பை அப்படியே எழுதி அனுப்பினால் ஈமேக்ஸின் ரீடர் அதை ஏற்காது. ஒரு பதிலில் எங்கோ ஆழத்தில் இப்படி ஒன்று தப்பிப் போனாலும் அந்தச் செய்தி முழுக்கப் படிக்க முடியாததாகிவிடும். எனவே போகும்போதும் வரும்போதும் மாற்றித் தர வாசலிலேயே ஒரு அடுக்கு வேண்டும்.

3. நீளத்தை எதில் எண்ணுவது. ஸ்லைம் எண்ணுவது யுடிஎஃப்-8 பைட்டுகளை. ஸ்கீமின் வழக்கமான உள்ளீட்டு வசதி படிப்பது எழுத்துக்குறிகளை. ஆங்கிலம் மட்டும் எழுதும்வரை இரண்டும் ஒன்றுதான், யாருக்கும் தெரியாது. நிரலுக்குள் "வணக்கம்" என்று ஒரு ஸ்ட்ரிங் வந்தால் தெரியும். அதில் 7 குறியீட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். எழுத்துக்குறிகளை எண்ணிப் படிக்கும் சர்வர் இன்னும் 14 வர வேண்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும். பிழைச் செய்தியும் வராது. திரை உறைந்து நிற்கும். தமிழில் ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்துப் பார்ப்பதுதான் இப்படிப்பட்ட சர்வருக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் சோதனை.

இவை எல்லாமே ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்துவிடுகிற விஷயங்கள். அடுத்து வருவது அப்படியல்ல.

தரநிலை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

காமன் லிஸ்ப்புக்கு 1994-இல் வந்த அன்சி தரநிலை ஆயிரம் பக்கத்துக்கு மேல். ஸ்கீமின் புகழ்பெற்ற அறிக்கையான ஆர்5ஆர்எஸ் வெறும் 50 பக்கம். கை ஸ்டீலும் ஜெரால்ட் சஸ்மனும் எம்ஐடியில் 1975-இல் ஸ்கீமை உருவாக்கியதிலிருந்து, குறைவாக வைத்திருப்பதுதான் அதன் பெருமை. மொழி படிக்கிறவருக்கு அது வரம். கருவி எழுதுகிறவருக்கு அந்த மீதிப் பக்கங்களில்தான் வேலையே இருக்கிறது.

ஒரு பெயரை வைத்து அதன் விளக்கத்தைக் கேட்பது, ஒரு துண்டை வைத்து அதை உள்ளடக்கிய பெயர்களைத் தேடுவது, ஒரு பேக்கேஜில் உள்ள பெயர்களை எல்லாம் வரிசையாக எடுப்பது, மேக்ரோவை (நிரலையே எழுதித் தரும் நிரலை) ஒரு படி மட்டும் விரித்துக் காட்டுவது, பிழை நேர்ந்த இடத்தில் என்னென்ன வழிகள் திறந்திருக்கின்றன என்று கேட்பது: இவை எல்லாம் காமன் லிஸ்ப் தரநிலையிலேயே ஃபங்ஷன்களாக இருக்கின்றன. ஸ்லைமின் பெரும்பகுதி வசதிகள் இவற்றின் மேல் போர்த்திய மெல்லிய உறைதான். தரநிலையில் இல்லாதவை, உதாரணமாக ஒரு ஃபங்ஷன் எந்த ஃபைலில் எந்த வரியில் எழுதப்பட்டது என்பது போன்றவை, ஒவ்வொரு காமன் லிஸ்ப் செயலாக்கத்துக்கும் தனித்தனி ஃபைலில் எழுதப்பட்டுள்ளன. எஸ்பிசிஎல்லுக்கு ஒன்று, சிசிஎல்லுக்கு ஒன்று என்று.

2013-இல் வந்த புதிய ஸ்கீம் அறிக்கையான ஆர்7ஆர்எஸ் சிறு மொழியில் மேலே சொன்ன பட்டியலில் ஒன்றுகூட இல்லை. ஃபங்ஷனுக்கு விளக்கவுரை எழுத இடமில்லை. மேக்ரோவை விரித்துப் பார்க்க வழியில்லை. ஒரு லைப்ரரியில் என்னென்ன பெயர்கள் உள்ளன என்று கேட்க முடியாது. சாக்கெட்டும் இல்லை, திரெட்டும் இல்லை. அதாவது 4005-ஆம் போர்ட்டைத் திறந்து வைப்பதே தரநிலை ஸ்கீமில் முடியாது. எஸ்ஆர்எஃப்ஐ என்ற துணைப் பரிந்துரைகளில் திரெட்டுக்கு 18-ஆம் எண்ணும் சாக்கெட்டுக்கு 106-ஆம் எண்ணும் உண்டு. ஆனால் எல்லா ஸ்கீமும் அவற்றை ஏற்பதில்லை.

திரெட் இல்லாததன் விளைவு உடனே தெரியும். முடிவில்லாமல் சுழலும் ஒரு நிரலை இயக்கிவிட்டு, எடிட்டரிலிருந்து நிறுத்தச் சொல்கிறீர்கள். சர்வர் அந்தச் சுழலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் செய்தியைப் படிக்க அங்கே ஆளில்லை. இயங்குதள சிக்னல் ஒன்றை அனுப்பித்தான் எழுப்ப வேண்டும். அந்த சிக்னலை எப்படிப் பிடிப்பது என்பதும் ஒவ்வொரு ஸ்கீமுக்கும் வேறு.

இதனால்தான் 'ஸ்கீமுக்கு ஆதரவு' என்று பொதுவாகச் சொல்வதில் பெரிய அர்த்தம் இல்லை. எம்ஐடி ஸ்கீமுக்கு ஆதரவு, கைலுக்கு ஆதரவு, ராக்கெட்டுக்கு ஆதரவு என்று ஒவ்வொரு செயலாக்கத்துக்கும் தனித்தனியாகத்தான் இருக்க முடியும்.

எங்கே நின்று இயக்குவது

ஸ்லைமின் உயிர் ஒரே ஒரு செயலில் இருக்கிறது. ஃபைலின் நடுவில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தி, கன்ட்ரோல்-சி இருமுறை தட்டினால் அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும் கம்பைல் ஆகி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

இதற்கு அந்தத் துண்டு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும். காமன் லிஸ்ப்பில் ஃபைலின் மேலே ஒரு வரி அதைச் சொல்லும். எடிட்டர் பின்னோக்கித் தேடி எடுத்து, ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து அனுப்பும். எம்ஐடி ஸ்கீமில் அப்படி ஒரு கட்டளை வழக்கில் இல்லை. ஆனால் அதன் மூல நிரல் ஃபைல்களின் தலையில், இது இன்ன பேக்கேஜ் என்று ஒரு குறிப்புரை இருக்கும். கம்பைலர் கண்டுகொள்ளாத, மனிதர் படிப்பதற்கான வரி அது. ஸ்லைம் இணைப்பு அந்தக் குறிப்புரையையே தேடிப் படித்துக்கொள்கிறது. சூழலைப் பொருத்துவது என்றால் நடைமுறையில் இப்படித்தான்: அந்த ஊர் வழக்கத்தில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்வது.

ஆர்6ஆர்எஸ், ஆர்7ஆர்எஸ் பாணி லைப்ரரிகளில் பிரச்சினை இன்னும் ஆழமானது. காமன் லிஸ்ப் பேக்கேஜ் என்பது பெயர்களை வைத்திருக்கும் அலமாரி. நிரல் ஓடும்போதே திறந்து எதையும் மாற்றலாம். ஸ்கீம் லைப்ரரி அப்படியல்ல. மொத்தமாக எழுதி, மொத்தமாகக் கம்பைல் செய்து, வெளியே கொடுக்கும் பெயர்களை மாற்றக் கூடாது என்று முத்திரை வைத்துவிடுகிறார்கள். உள்ளே புகுந்து ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றுவதற்குத் தரநிலையில் வாசலே இல்லை. மாற்றக்கூடிய சூழல் என்று ஆர்7ஆர்எஸ் தருவது, தட்டிய வரியை உடனே இயக்கி விடை காட்டும் ரெப்பிளின் சூழலை மட்டும்தான்.

கம்பைலருக்கு இந்தப் பூட்டு மிகவும் பிடிக்கும். ஃபங்ஷன் மாறாது என்று தெரிந்தால் அதை அழைக்கும் இடத்திலேயே விரித்து வைத்துவிடலாம், வேகம் கூடும். வேகத்துக்காகச் செய்த அதே ஏற்பாடுதான் எடிட்டரின் கையைக் கட்டுகிறது. ராக்கெட்டில் இந்தப் பூட்டைத் தளர்த்த ஓர் அமைப்பு உண்டு. கைல் ஸ்கீமில் மாட்யூல்கள் ஓடும்போதும் திறந்தே இருக்கும். அதனால் அங்கே இந்த வேலை சுலபம். கைலில் எடிட்டர் அனுபவம் நன்றாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

டீபக்கர்: உண்மையான இடைவெளி இங்கேதான்

காமன் லிஸ்ப்பில் பிழை நேர்ந்தால் ஸ்டாக் (முடியாமல் இருக்கும் அழைப்புகளின் அடுக்கு) கலைவதற்கு முன்பே, பிழை நேர்ந்த அதே இடத்தில் நின்றபடி டீபக்கர் என்ற பிழை தேடும் கருவி எழும். ஸ்லைம் ஒரு சன்னலில் மூன்று விஷயங்களைக் காட்டும்: என்ன பிழை, இங்கிருந்து போகக்கூடிய வழிகள், யார் யாரை அழைத்து இங்கே வந்து நிற்கிறோம் என்ற வரிசை. அந்த வழிகளுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். வேறு மதிப்பைக் கொடுத்துத் தொடரலாம், திரும்ப முயலலாம், எல்லாவற்றையும் விட்டு மேல்மட்டத்துக்குப் போகலாம்.

ஸ்கீமில் இதை எதைக் கொண்டு கட்டுவது? ஆர்5ஆர்எஸ் காலத்தில் பிழையைப் பிடிக்கவே தரநிலையில் வழி கிடையாது. பின்னால் வந்த அறிக்கைகளில் பிழை கையாளும் ஃபங்ஷனைப் பதிவு செய்யலாம். அது பிழை நேர்ந்த சூழலிலேயே அழைக்கப்படும், ஸ்டாக் அப்போது உயிரோடு இருக்கும். சரி, பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி மூன்று இடங்களில் தடுக்கிறது.

1. தொடர்வது. ஸ்கீமில் பிழை எழுப்ப இரண்டு விதம் உண்டு. தொடரக்கூடிய விதத்தில் எழுப்பினால் மட்டுமே கையாளும் ஃபங்ஷன் ஒரு மதிப்பைத் திருப்பித் தந்து வேலையைத் தொடரச் செய்யலாம். மற்ற விதத்தில் எழுப்பியிருந்தால், கையாளும் ஃபங்ஷன் மதிப்போடு திரும்பி வருவதே இன்னொரு பிழை. அங்கே 'வேறு மதிப்பைக் கொடு' என்ற ரீஸ்டார்ட்டுக்கு இடமில்லை.

2. உள்ளே பார்ப்பது. இந்த நொடிக்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை முழுவதையும் ஒரு மதிப்பாகப் பிடித்து வைக்கும் வசதி ஸ்கீமின் சிறப்பு, கன்டினியுவேஷன் என்பார்கள். இதைக் கொண்டு ரீஸ்டார்ட் போன்றவற்றைக் கட்டிவிடலாம். ஆனால் அது மூடிய பெட்டி. கூப்பிட்டால் ஓடும், திறந்து உள்ளே எந்தெந்த ஃபங்ஷன்கள், எந்தெந்த மாறிகள் என்று பார்க்கத் தரநிலை இடம் தரவில்லை. ஷே ஸ்கீம் போன்றவை, மதிப்புகளைத் திறந்து காட்டும் தங்கள் சொந்த இன்ஸ்பெக்டர் வழியாக அனுமதிக்கின்றன.

3. இல்லாத சட்டகங்கள். ஒரு ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்தால், அழைத்ததன் சட்டகம் (அந்த அழைப்பின் பதிவு) ஸ்டாக்கில் தங்கக் கூடாது என்பது ஸ்கீமின் சட்டம். சுழற்சியைக்கூடத் தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனாக எழுதலாம் என்ற துணிவு அதனால்தான் வருகிறது. டீபக்கரில் பார்க்கும்போது இதுவே இடைஞ்சல்: அ என்பது ஆ-வைக் கடைசியாக அழைத்து, ஆ-வில் பிழை நேர்ந்தால், பட்டியலில் அ இருக்காது. எங்கிருந்து வந்தோம் என்று தேடுகிறவர் திகைப்பார். எம்ஐடி ஸ்கீம் இப்படிக் கழன்றுபோன அழைப்புகளில் சமீபத்தியவற்றை மட்டும் தனியே நினைவில் வைத்துக் காட்டுகிறது.

எம்ஐடி ஸ்கீமின் பெயர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் ரெப்பிளில் மதிப்பில்லாத ஒரு பெயரை, ஃபூ என்று வைத்துக்கொள்வோம், தட்டிப் பாருங்கள். ஃபூவுக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணிட்ட வழிகளைத் தரும். 3: ஃபூவுக்குப் பதிலாக இந்த இடத்தில் மட்டும் ஒரு மதிப்பைக் கொடு. 2: ஃபூவுக்கே ஒரு மதிப்பை வரையறுத்துவிடு. 1: ரெப்பிளுக்குத் திரும்பு. ஒரு வழியையும் தேர்ந்தெடுக்காமல் வேலையைத் தொடர்ந்தால் ரெப்பிள் இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கே இன்னொரு பிழை வந்தால் மூன்றாம் நிலை. ஸ்லைமின் டீபக்கர் கேட்பதும் இதையேதான்: பிழை, ரீஸ்டார்ட் பட்டியல், நிலை எண். தரநிலையில் இல்லாத ஒரு பிழை அமைப்பை எம்ஐடி ஸ்கீம் தனக்கென வைத்திருந்ததால், ஸ்லைமின் அச்சில் அது ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

காவா என்ற ஸ்கீம் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடுவது. அதற்கான ஸ்வாங்க் சர்வர் செய்திருக்கும் ஏற்பாடு இன்னும் விசித்திரம். ஸ்டாக்கை ஸ்கீம் காட்டாது என்பதால், ஜாவா டீபக்கர்கள் பயன்படுத்தும் அதே இணைப்பு வழியாகத் தான் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே வெளியிலிருந்து பார்ப்பது போல எட்டிப் பார்க்கிறது.

இரண்டு பாதைகள்

இவ்வளவுக்கும் பிறகு கையில் மிஞ்சுவது இரண்டு வழிகள்.

முதலாவது, ஸ்லைமை அப்படியே வைத்துக்கொண்டு குறிப்பிட்ட ஸ்கீமுக்குச் சர்வர் எழுதுவது. ஸ்கீம்48-க்கு ஸ்லைம்48 இப்படித்தான் வந்தது. எம்ஐடி, காவா, லார்சனி, இகாரஸ் ஆகியவற்றுக்கான சர்வர் ஃபைல்கள் ஸ்லைமின் துணைத் தொகுப்பிலேயே சேர்ந்தன. லாபம்: டீபக்கர், இன்ஸ்பெக்டர் உட்பட இத்தனை ஆண்டுகளில் மெருகேறிய எடிட்டர் பாதி இலவசமாகக் கிடைக்கிறது. நட்டம்: காமன் லிஸ்ப் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம், பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், ஏதாவது ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்கீமை மனதில் வைத்து எடிட்டர் பாதியைப் புதிதாக எழுதுவது. ஹோசே அன்டோனியோ ஒர்தேகா ரூயிஸ் எழுதிய கெய்ஸர் இந்தப் பாதை. முதலில் கைலுக்கும் இன்று ராக்கெட் எனப்படும் பிஎல்டி ஸ்கீமுக்கும் வந்தது. இப்போது ஷே, சிக்கன், கேம்பிட், எம்ஐடி என்று நீள்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. பேக்கேஜ் என்று நடிக்காமல் மாட்யூல் என்றே கேட்கிறது. பெயர் நிரப்புதல், உள்ளீட்டுக் குறிப்பு, வரையறைக்குத் தாவுதல் ஆகிய தினசரித் தேவைகள் நன்றாக நடக்கும். ஸ்லைம் போல ரீஸ்டார்ட் கொண்ட டீபக்கர் சன்னலைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. எல்லா ஸ்கீமும் தரக்கூடியதை மட்டுமே பொதுவில் வைத்தால் விளைவு அதுதான்.

பக்கத்து வீட்டில் இதே விவாதம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இன்னொரு லிஸ்ப் குடும்ப மொழியான க்ளோஷருக்கு முதலில் ஸ்வாங்க் சர்வர்தான் எழுதினார்கள், ஸ்லைமையே பயன்படுத்தினார்கள். பிறகு என்ரெப்பிள் என்ற சொந்தப் புரோட்டோகாலுக்கும் சைடர் என்ற சொந்தச் சூழலுக்கும் போய்விட்டார்கள். எடிட்டரும் மொழிக் கருவியும் பேசிக்கொள்ள, மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான எல்எஸ்பி புரோட்டோகால் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அதில் நிரலைப் படித்துப் பார்க்க வழி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் ஒரு வரியை இயக்கிப் பார் என்று சொல்ல இடமில்லை. லிஸ்ப்காரர்களுக்கு அது இல்லாமல் மற்றதெல்லாம் இருந்து பயனில்லை.

முதல் பாதையில் போகிறவருக்கு

உங்கள் ஸ்கீமுக்கு ஸ்வாங்க் சர்வர் எழுதுவதாக முடிவு செய்தால், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டாம். இந்த வரிசை வேலை செய்யும்:

1. இணைந்ததும் ஈமேக்ஸ் கேட்கும் முதல் கேள்வி சர்வரின் அடையாள விவரம்: புரோசஸ் எண், மொழியின் பெயர், பேக்கேஜ், புரோட்டோகால் பதிப்பு. பதிப்பு ஒத்துப்போகாவிட்டால், தொடரட்டுமா என்று ஈமேக்ஸ் கேட்கும். ஆமாம் என்று சொல்லிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

2. அடுத்து, இன்னின்ன கூடுதல் வசதிகளை ஏற்று என்று ஒரு கோரிக்கை வரும். அப்படியே விழுங்கிவிட்டு வெற்றுப் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

3. ரெப்பிளில் தட்டிய வரியை இயக்கி விடையை அனுப்புவது. வெளியீட்டைத் திசைதிருப்பி எடிட்டருக்கு அனுப்புவதும் இதோடு சேரும்.

4. பெயர் நிரப்புதலும் உள்ளீட்டுக் குறிப்பும். குறிப்பு ஒவ்வொரு இடைவெளி தட்டும்போதும் கேட்கப்படும் என்பதால், தெரியாத பெயருக்குப் பிழை எழுப்பாமல் 'தெரியாது' என்று வேகமாகச் சொல்லிவிட வேண்டும்.

5. வரையறைக்குத் தாவுவதும் தனி ஃபங்ஷனைக் கம்பைல் செய்வதும். உங்கள் கம்பைலர் ஃபைல் பெயரையும் இடத்தையும் பதிந்து வைக்கவில்லை என்றால் முதலில் அங்கே போய்க் கைவைக்க வேண்டும்.

உள்தள்ளலை சர்வரிடம் விடாதீர்கள். காமன் லிஸ்ப் மேக்ரோவில் உடல் பகுதி எது என்று தனிக் குறி இருப்பதால் ஸ்வாங்க் அதைப் பார்த்து எடிட்டருக்குச் சொல்லிவிடும். ஸ்கீம் மேக்ரோக்களில் அந்தக் குறி இல்லை. ஈமேக்ஸின் ஸ்கீம் முறைமையிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எண் கொடுத்துவிடுவது நல்லது.

டீபக்கர் கடைசியில். அதற்கும் முழு ஏற்பாடு தேவையில்லை: பிழையின் செய்தி, 'மேல்மட்டத்துக்குத் திரும்பு' என்ற ஒரே ஒரு ரீஸ்டார்ட், ஸ்டாக் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பட்டியல். இவ்வளவு அனுப்பினாலே சன்னல் திறக்கும், மூடும், ரெப்பிள் பழையபடி வேலை செய்யும். வெற்றுப் பட்டியலை 'நில்' என்று மாற்றி அனுப்ப மட்டும் மறக்கக் கூடாது.